நிரப்பு வரிகள்

போன வாரம் குட்டியையும் அவள் அண்ணனையும் சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். நடுவில் அம்மா, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நிரம்பிய டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சண்டைக்குக் காரணம் அண்ணனின் அவசரம். வடிவமைப்புப் படிப்பை முடித்துவிட்டு ஐந்து மாதமாக வீட்டில் இருக்கும் தங்கைக்காக, அவன் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்றபடியே ஒரு மேடத்திடம் சொல்லி வைத்துவிட்டான். சோப்பு, பிஸ்கட், மாத்திரை கம்பெனிகளுக்குப் பெட்டியும் லேபிளும் வடிவமைத்துக் கொடுப்பவர் அந்த மேடம். வாரத்துக்கு முப்பது பார்சல் அனுப்புகிறவர். "செஞ்ச வேலையெல்லாம் ஒரு வெப்சைட்ல போட்டு வெச்சிருப்பாங்க இல்லையா, அந்த லிங்க்கை வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெப்சைட் ஏது? குட்டியிடம் இருந்ததெல்லாம் கல்லூரி வேலைகள் கண்டபடி கிடந்த ஒரு லேப்டாப்தான்.

"நான் கேட்டேனா உன்னை?" என்று அவள் சீறினாள். "நீ கேக்கிற வரைக்கும் காத்திருந்தா உனக்குத் தலை நரைச்சிடும்" என்றான் அவன்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலை எட்டு மணிக்கு வீடு வழக்கம்போலக் காலியாயிற்று. முதலில் அண்ணன் கிளம்பினான். ஒன்பதரைக்குத் திறக்கிற ஆபீசுக்கு எட்டரைக்கே போய் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிறவி அவன். எதையும் நேரத்துக்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பறப்பு. அப்பா அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த அப்பாவுக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் கடலில். இப்போதும் கடலில்தான்.

அடுத்து அம்மா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். கிளம்புகிற அவசரத்திலும் வாசலில் நின்று, "கதவைப் பூட்டிக்கோ. மறக்காம சாப்பிடு" என்று தினமும் சொல்கிற இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். கதவு மூடியது. லிஃப்ட் கீழே போகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

குட்டி என்பது வீட்டுப் பெயர். வயது இருபத்திரண்டு. இந்த ஐந்து மாதத்தில் அவளுக்கு நன்றாகப் பழகிப்போனது இந்தச் சத்தமின்மைதான். பழகியது என்றால் பிடித்துப்போனது என்று அர்த்தமில்லை.

வேலை வேண்டும் என்று அவள் தவித்ததற்குச் சம்பளம் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். "இந்த நீலம் நல்லாருக்கா, அந்த நீலமா?" என்று திரும்பிக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்று கடுப்படிக்கவாவது ஓர் ஆள் வேண்டும். மேடத்தின் ஆபீஸ் பெரிதாக இருக்கும் என்று எக்ஸ்பிரஸ் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் மனத்துக்குள் அந்த ஆபீசுக்கு நாற்காலி, மேஜை, ஜன்னல் எல்லாம் போட்டு முடித்துவிட்டாள். எங்கே உட்காருவது என்பதுகூட முடிவாகிவிட்டது.

லேப்டாப்பைத் திறந்தாள்.

நான்கு நாளாக இதே வேலைதான். கல்லூரியில் செய்தது பத்தொன்பது. எடுத்துக்கொள்ள வேண்டியது நான்கு. 'ஐந்தாவதாக எதையாவது சேர்த்தால், அதை வைத்துத்தான் உன்னை எடை போடுவார்கள்' என்று கடைசி வருஷ ஆசிரியை சொல்லியிருந்தார். சோப்புப் பெட்டி, வயதானவர்களுக்கான மாத்திரைப் பெட்டி, பஸ் நிறுத்தத்துக்கான வழிப்பலகை, விதை பாக்கெட். வெள்ளை அட்டையை ஜன்னலோரம் விரித்து, அதன்மேல் மாதிரிகளை நிற்கவைத்து, வெயில் சாய்கிற வரை காத்திருந்து படம் எடுத்தாள். அட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்தாள். படங்கள் அழகாகவே வந்தன. தலையணை தெரியவில்லை.

படத்துக்குக் கீழே எழுத்து வர வேண்டும். இது யாருக்காகச் செய்தது, என்ன யோசித்தாள், ஏன் அந்த நிறம் என்று ஒரு பத்தி. அதை எழுதத்தான் அவளுக்கு வரவில்லை. வராதபோது எல்லாரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். இடத்தை நிரப்ப எதையாவது எழுதி வைத்தாள்.

இங்கேதான் நம் குட்டியின் விபரீதப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் நிரப்புவதற்கு அர்த்தமில்லாத எழுத்தையோ பேப்பர் செய்தியையோ ஒட்டுவார்கள். இவளுக்கு அது பிடிக்காது. உண்மையான வாக்கியம் இருந்தால்தான் வரி எங்கே உடைகிறது, பத்தி எவ்வளவு நீளுகிறது என்று தெரியும் என்பாள். அதனால் அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடுகிறதோ அதையே தட்டிவிடுவாள். கல்லூரியில் இருந்தபோது, 'கேன்டீனில் இன்றைக்கும் அதே சாம்பார்' என்கிற ரகத்தில் இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் அது மாறிவிட்டது. வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் பெட்டிப் படங்களுக்குக் கீழே சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

பதினொன்றரைக்கு அமைப்பு ஒரு வழியாகச் சரியானது. லேப்டாப்பில் பார்க்க லட்சணமாக இருந்தது. போனில் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். 'வெளியிடு' பொத்தானை அழுத்தினாள். முகவரி ஒன்று வந்தது. மூலையில், அவளுக்கு மட்டும் தெரிகிற இடத்தில், பார்த்தவர்கள் எண்ணிக்கை: 0. போனில் திறந்ததும் 1 ஆனது. அந்த ஒன்றைப் பார்த்ததும் ஒரு விநாடி சந்தோஷப்பட்டு, அது தான்தான் என்று உறைத்ததும் அசடு வழிந்தாள்.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் போன் செய்தான்.

"என்ன ஆச்சு? ரெடியா?"

"இன்னும் முடியல. எழுத்து வேலை பாக்கி இருக்கு. உன் போன்ல தொறக்குதான்னு மட்டும் பாக்கிறியா? உன்னோடது பழைய போன், அதுல தொறந்தா எல்லாத்துலயும் தொறக்கும்."

"அனுப்பு, அனுப்பு."

அனுப்பினாள். அரை நிமிஷம் எதிர்முனையில் பார்சல் டேப் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவன் குரல், நிஜமாகவே மலர்ந்த குரல், "ஏய், என்னடி இது, கடைல வாங்கினது மாதிரி இருக்கு! நீயா பண்ணின?"

அவன் இப்படிப் பாராட்டி அவள் கேட்டதே இல்லை. "மேல இருக்கிறது மட்டும்தான் முடிஞ்சிருக்கு. கீழ போகாத" என்றாள்.

"சரி, சரி, கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டான்.

குட்டி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, தட்டில் சாதம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, கை பழக்கத்தில் மூலையைப் பார்த்தாள்.

பார்த்தவர்கள்: 6.

அண்ணனைக் கழித்தாலும், மீதி நான்கு பேர் எங்கிருந்து முளைத்தார்கள்?

போனை எடுத்தாள். குடும்பக் குழுவில் லிங்க் இருந்தது. கீழே சித்தி நான்கு கைதட்டல் போட்டிருந்தாள். அதற்கும் கீழே எக்ஸ்பிரஸின் செய்தி: 'மேடத்துக்கும் அனுப்பிட்டேன்! அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு வெயிட் பண்ணணும்?'

கையில் கொடுத்த பார்சலை அவன் என்றைக்குத் தன்னிடம் வைத்திருந்தான்? கொடுத்த மறுநிமிஷம் சேர்த்துவிட்டுத்தானே அவனுக்கு மூச்சே வரும்.

குட்டி தட்டை அப்படியே தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்தாள். பக்கத்தை இறக்கிவிடலாமா? இறக்கினால் மேடம் திறக்கும்போது 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வரும். அதற்கு மேல் யார் தேடிப் பார்க்கப்போகிறார்கள்? அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொன்றாக எழுதுவதுதான் ஒரே வழி.

முதலில் சோப்புப் பெட்டி. அதன் கீழே இருந்தது:

'இதை மூன்று பேர் சேர்ந்து செய்தோம். மற்ற இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்ட "எப்படி இருக்கீங்க?" பதினெட்டு நாளாகக் கடைசி வரியாகவே நிற்கிறது.'

அழித்தாள். 'மூவர் குழுவாகச் செய்தது. எழுத்தும் நிறமும் என் பங்கு' என்று எழுதினாள்.

வழிப்பலகை. 'பகலில் இந்தத் தெருவில் இருப்பது நானும் எதிர்க்கட்டட நாயும். நாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். நான் சும்மாவே இருக்கிறேன்.'

அழித்தாள். போன் அடித்தது. அம்மா. வேலை நேரத்தில் அம்மா போன் செய்யவே மாட்டாள். குட்டி எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

மாத்திரைப் பெட்டி. அதைப் படிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

'அம்மா வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் சில நாள் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருக்கிறேன். அன்றைக்குப் பத்து நிமிஷம் திட்டுவாள்.'

போன் மறுபடியும் அடித்தது. அம்மாதான். இந்த முறை எடுத்தாள்.

"குட்டி."

"சொல்லும்மா."

பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது கேட்டது.

"சாப்..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டாள். அந்த ஒரு கேள்வியை விட்டால் மகளிடம் கேட்க அவளுக்கு வேறு கேள்வி கைவசம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அதையே வைத்து ஓட்டியவள் இப்போது எங்கே போய்த் தேடுவாள்? "வீட்ல... வெயில் வருதா?" என்றாள் கடைசியில்.

"வருதும்மா."

"ம். நல்லது."

அம்மா படித்துவிட்டாள். குட்டி முந்திக்கொண்டாள். "அம்மா, அதுல இருந்ததெல்லாம் நிஜம் இல்ல. டம்மி டெக்ஸ்ட். சும்மா இடத்தை நிரப்ப எழுதுறது. எல்லாரும் இப்படித்தான் ஏதாவது எழுதி வைப்பாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"ஓ" என்றாள் அம்மா. நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா தெரியவில்லை. "சரிடா. ரிப்போர்ட் வாங்க ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டாள்.

குட்டி போனைக் கீழே வைத்தாள். அந்த வரிகளை ஒருநாள் அம்மா படித்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டது அவளேதான். அம்மா படித்தவுடன், 'சும்மா' என்று சொல்லிக் கதவைச் சாத்தியதும் அவளேதான். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

எரிச்சலுக்கெல்லாம் நேரமில்லை. மாத்திரைப் பெட்டிக்குக் கீழே, 'காலை மஞ்சள், மதியம் பச்சை, இரவு நீலம். கண் மங்கியவர்கள் விரலால் தடவியே எந்த வேளை என்று அறிய விளிம்பில் மேடுகள்' என்று எழுதினாள். உண்மையிலேயே நல்ல யோசனைதான் அது. விதை பாக்கெட்டுக்கு இரண்டு வரி. கடைசியாக 'என்னைப் பற்றி'. அங்கே முந்தாநாள் எழுதி வைத்தது இதுதான்:

'இன்று சாயங்காலம் ஆறு மணி வரை யாரிடமும் பேசவில்லை. காய்கறிக் கடையில் "பை வேண்டாம்" என்றேன். அதைச் சேர்த்தால் ஒன்று.'

அதை அழித்துவிட்டு, 'புதிய வடிவமைப்பாளர். கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவர். குழுவாக வேலை செய்ய விரும்புபவர்' என்று, உலகத்தில் உள்ள எல்லாப் புதிய வடிவமைப்பாளர்களும் எழுதுகிற மூன்று வாக்கியத்தை எழுதினாள். மறுபடி வெளியிட்டாள். மேடத்துக்கு ஒரு மெயில் போட்டாள். 'முன்பு அனுப்பப்பட்டது முடிக்கப்படாத வடிவம். இப்போது உள்ளதைப் பார்க்கவும்.' மணி பன்னிரண்டு ஐம்பது.

பார்த்தவர்கள்: 11. இதில் மேடம் உண்டா இல்லையா? உண்டென்றால் எப்போது பார்த்தார், அழிப்பதற்கு முன்னாலா பின்னாலா? அந்த எண்ணுக்கு வாய் இல்லை.

எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்டால் ஏன் என்பான். ஏன் என்றால் அந்த வரிகளைச் சொல்ல வேண்டும். அவன் முதல் படத்தைத் தாண்டிக் கீழே போகவில்லை என்பது நிச்சயம். போயிருந்தால் இதற்குள் வீட்டுக்கே வந்து நின்றிருப்பான். விட்டுவிட்டாள்.

பகல் நகர்ந்தது. சாதம் தட்டிலேயே காய்ந்தது. இரண்டு மணிக்கு எதிர்க்கட்டட நாய் குரைத்து ஓய்ந்தது. மூன்று மணிக்கு அப்பாவுக்கு எங்கோ சிக்னல் கிடைத்திருக்க வேண்டும். குழுவில் ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்குப் பதில் போடலாம் என்று பார்ப்பதற்குள் அவர் பெயருக்குக் கீழே 'இணைப்பில் இல்லை' என்றாகிவிட்டது. ஐந்து மணி வந்தது, போயிற்று. மெயில் பெட்டியை எத்தனை முறை திறந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. அழக்கூடத் தோன்றவில்லை. வேலை போய்விட்டது, மானமும் போய்விட்டது, மீதி இருப்பது இந்த அறைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது எக்ஸ்பிரஸ் வந்தான், வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக. "வந்துதா? வந்துதா?" என்று செருப்போடு உள்ளே வந்தான். அவன் பின்னாலேயே அம்மாவும் வந்துவிட்டாள். அவளும் இன்று சீக்கிரம்.

அப்போது மெயில் வந்தது.

குட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தனியாகப் படித்தாள்.

'மாத்திரைப் பெட்டி பிடித்தது. சோப்புப் பெட்டியில் எழுத்து நெருக்கம், சரிசெய்யக் கற்றுக்கொள்வீர்கள். மூன்று மாதம் பயிற்சி, பிறகு நிரந்தரம். எனக்குச் சம்மதம்.

நான் முதலில் திறந்தபோது வேறு வரிகள் இருந்தன. படித்துவிட்டேன், மன்னியுங்கள். படித்ததால்தான் இதை முன்கூட்டியே சொல்கிறேன். எங்களுக்கு அலுவலகம் கிடையாது. ஏழு பேர், ஏழு வீடு. வாரத்துக்கு ஒருநாள் அரை மணி பேசுவோம். மற்ற நேரமெல்லாம் நீங்களும் உங்கள் மேஜையும்தான். உங்களால் முடியுமா என்று நன்றாக யோசித்து, நாளை காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.'

இரண்டாவது பத்தியை இன்னொரு முறை படித்தாள். ஏழு பேர், ஏழு வீடு.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க? இல்லன்னுட்டாங்களா?"

"கிடைச்சிருக்கு" என்றாள் குட்டி.

எக்ஸ்பிரஸ் துள்ளிக் குதித்ததில் மேஜை ஆடியது. "சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

"ஆனா ஆபீஸ் கிடையாதாம். வீட்லேருந்தே செய்யணுமாம்."

"வீட்லேருந்தேவா? அடி சக்கை!" அவனுக்கு இன்னும் இரண்டு மடங்கு சந்தோஷம். "பஸ்ல இடிபட வேண்டாம், வெயில்ல அலைய வேண்டாம். உன் ரூம், உன் மேஜை, நீ பாட்டுக்கு இருக்கலாம். ஒரு மூஞ்சியைப் பார்க்க வேண்டாம்! இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

பாவம், அவன் மனசில் கள்ளமில்லை. தினம் முந்நூறு முகத்தைக் கவுன்ட்டரில் பார்க்கிறவனுக்கு அது சொர்க்கமாகத்தான் தெரியும். என்ன வேண்டும் என்று குட்டி சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனோடு வாசலுக்குப் போய்விட்டான்.

அம்மா போகவில்லை. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் எதிரே உட்கார்ந்தாள். காய்ந்த தட்டைப் பார்த்தாள். இன்றைக்குத் திட்டவில்லை.

"மத்தியானம் அது சும்மா எழுதினதுன்னு சொன்னியே" என்றாள்.

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "சும்மா இல்லம்மா."

"எனக்குத் தெரியும்." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "மாத்திரைப் பொட்டிக்குக் கீழ இருந்ததைத்தான் படிச்சேன். அதுக்கு மேல படிக்க முடியல. கண்ணாடி நனைஞ்சிடுச்சு. மீதியைக் காட்டு."

"அழிச்சிட்டேன்மா."

"அப்ப வாயால சொல்லு."

ஐந்து மாதமாக அவள் எதிர்பார்த்த வார்த்தை. இப்போது கேட்டதும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த வேலை வேண்டும். இந்த அறை வேண்டாம். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது? விரல்கள் தாமாகவே விசைப்பலகையைத் தேடின. "அம்மா, நான்..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

வாசலில் எக்ஸ்பிரஸின் குரல், கவுன்ட்டரில் பேசுகிற அதே கணீர்க் குரல், சுவரைத் தாண்டி உள்ளே வந்தது.

"ஆமா மேடம்... யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு மேடம், சந்தோஷமா ஒத்துக்கிட்டா. வீட்ல தனியா இருக்கிறதுன்னா அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம். திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடுவா!"